காசநோயா, நுரையீரல் புற்றுநோயா: எக்ஸ்ரேயோடு முடிவு கட்டாதீர்கள்

இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் ரத்தம், பசியின்மை, உடல் மெலிவு ஆகிய நான்கும் காசநோயிலும் வரும், நுரையீரல் புற்றுநோயிலும் வரும். காசநோய் மிகுந்த இந்தியாவில், எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தவுடன் அதுவே முதலில் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் சளியில் கிருமியைக் காணாமலே காசநோய் மாத்திரை தொடங்கி, மாதங்கள் கழித்துப் புற்றுநோய் என்று அறியவருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு உரிய கட்டம் அதற்குள் கடந்துவிடக்கூடும்.

முதல் வேலை சளிப் பரிசோதனை. காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டியான சளியைக் கொடுக்க வேண்டும். வெறும் எச்சிலைக் கொடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் கிருமியின் மரபணுவைத் தேடிச் சில மணி நேரத்தில் விடை சொல்வதோடு, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் காட்டும். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையை இங்கே நம்பக்கூடாது. நோயில்லாமல் கிருமியை மட்டும் உடலில் சுமப்பவர்களுக்கும் அது பாசிட்டிவாக வரும்.

மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் காசநோயின் பக்கம் சாயும். குரல் கம்மல், விரல்நுனி உருண்டு பருத்தல், முகமும் கழுத்தும் வீங்குதல், எலும்பு வலி ஆகியவை இருந்தால் புற்றுநோயை உடனே தேட வேண்டும். பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்பதால் அந்த ஐயத்தைக் கைவிடலாகாது. புகைக்காத பெண்களுக்கும் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய் வருகிறது. சி.டி. ஸ்கேனில் துளிர்விட்ட கிளை போன்ற சிறு புள்ளிகள் பெரும்பாலும் தொற்றையும், ஓரத்தில் முட்கள் நீண்ட கட்டி புற்றையும் குறிக்கும். நுரையீரலில் விழுந்த குழியின் சுவர் 15 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் புற்றுக்கான வாய்ப்பு அதிகம். செல்களின் சுறுசுறுப்பைக் காட்டும் பெட் ஸ்கேனில் இரண்டு நோயுமே ஒளிரும் என்பதால் அது மட்டும் தீர்ப்பாகாது.

சளியில் கிருமி இல்லை, நிழலோ ஐயத்திற்குரியது என்றால் பயாப்சி, அதாவது சிறிது திசுவை எடுத்துச் சோதித்தல், தேவை. இங்கே ஒரு சிறு கவனக்குறைவு பெரிய இழப்பாகிவிடுகிறது: எடுத்த திசு முழுவதையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமிகள் இறந்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்ய வழியிருக்காது. ஒரு பகுதியை ஃபார்மலினிலும், இன்னொன்றைச் சலைன் என்ற உப்புநீரிலும் தனித்தனிக் குப்பிகளில் அனுப்பும்படி சோதனைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், தயங்க வேண்டியதில்லை. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால், காசநோயில் உயரும் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவோடு புற்றணுச் சோதனையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

கிருமி உறுதியாகாமல் மாத்திரை தொடங்கியிருந்தால், வாரந்தோறும் ஒரே எடைக் கருவியில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் எடை ஏறாமல், எக்ஸ்ரே நிழல் சுருங்காமல் இருந்தால், மருந்தைத் தாமாக நிறுத்தாமல், பழைய படத்தையும் புதிய படத்தையும் எடுத்துக்கொண்டு நுரையீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கிருமி உறுதியானவர்களுக்கும் நிழல் வளர்ந்தால் இதுவே வழி. இரண்டு நோயும் ஒரே நுரையீரலில் சேர்ந்திருப்பதுண்டு.