ஜெர்மனியில் தொழில் தொடங்குபவர்களுக்கு: மெயிலுக்குப் பதில் வராதபோது

மசாலா இறக்குமதி செய்தாலும் சரி, கணினி வேலையைத் தனியாக எடுத்துச் செய்தாலும் சரி, ஜெர்மனியில் முதல் வருடம் உங்களை வாட்டி எடுக்கப்போவது பதில் வராத மெயில்கள்தான். கொலோனில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அக்டோபரில் அனுகா உணவுக் கண்காட்சி நடக்கும். அங்கே உங்கள் பொருளை ருசி பார்த்து, கைகுலுக்கி, "எழுதுங்கள்" என்று சொன்னவர் அப்புறம் மூச்சே விடமாட்டார். வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டினால் உடனே 'சரிங்க' என்று வந்துவிடும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது வலிக்கும். நிறத்தைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்களோ என்று மனது கணக்குப் போடும். சில இடங்களில் அதுவும் உண்டு. ஆனால் பெரும்பாலும் பதில் சொல்ல வேண்டிய ஆளிடம் உங்கள் மெயில் போய்ச் சேர்ந்திருக்காது.

எனவே பொது முகவரிக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் அடியில் இம்ப்ரெசும் என்ற பக்கம் இருக்கும். சட்டப்படி அதை வைத்தே ஆக வேண்டும். நிறுவனத்தின் முகவரி, பொறுப்பாளர் பெயர், பெரும்பாலும் போன் நம்பரும் அதில் கிடைக்கும். அந்த நம்பருக்குக் காலையில் போன் போடுங்கள். வெள்ளி மதியத்துக்கு மேல் வேண்டாம், பல அலுவலகங்களில் ஆள் இருக்காது. எடுப்பவர் 'ஹலோ' சொல்லாமல் தன் குடும்பப் பெயரை மட்டும் சொல்வார். அது கோபம் இல்லை, இங்கே போன் எடுக்கும் வழக்கமே அப்படித்தான். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லி, "இந்த விஷயத்தை உங்களிடம் யார் பார்க்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். என் நண்பர் ஒருவர் தேங்காய்ப்பால் மாதிரிகளை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார். போன் போட்ட பிறகுதான் கொள்முதல் பார்க்கும் பெண்மணி, குழந்தை பிறந்ததால் விடுப்பில் போயிருப்பது தெரிந்தது. அவர் இடத்தில் இருந்தவர் அன்றே மாதிரிகளைத் தேடி எடுத்துவிட்டார்.

பேசி முடித்த கையோடு மெயில் போடுங்கள். தலைப்பில் விஷயமும் தேதியும் இருக்கட்டும்: "இன்று போனில் பேசியது: தேங்காய்ப்பால் விலை, மார்ச் 14-க்குள் பதில்". ஒரு மெயிலில் ஒரே கேள்வி போதும். 'கூடிய சீக்கிரம்' என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள், தேதி கொடுத்தால் காலண்டரில் குறித்துக்கொள்வார்கள். ஹேர் (திரு) அல்லது ஃபிராவ் (திருமதி) போட்டுக் குடும்பப் பெயரால் அழையுங்கள். கொச்சையாக வந்தாலும் ஜெர்மன் மொழியிலேயே எழுதுங்கள் என்பேன். சின்ன நிறுவனங்களில் ஆங்கில மெயிலுக்குப் பதில் எழுதக் கூச்சப்பட்டே தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர்.

விடுமுறைக் காலத்தையும் தெரிந்து வையுங்கள். கோடை விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வட ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் சில வருடம் ஜூன் இறுதியிலேயே ஆரம்பித்துவிடும், பவேரியாவில் செப்டம்பர் நடுப்பகுதி வரை நீளும். கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6 வரை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அப்போது வரும் தானியங்கிப் பதிலை முழுக்கப் படியுங்கள். "உங்கள் மெயில் வேறு யாருக்கும் அனுப்பப்படாது" என்ற வரி அதில் இருந்தால் அது நிஜம், அந்த மெயில் அப்படியே கிடக்கும். பெரும்பாலும் அடுத்த வரியில் பொறுப்பில் இருப்பவரின் பெயர் இருக்கும். அவருக்குப் புதிதாக எழுதுங்கள்.

முன்பின் தெரியாத நிறுவனங்களுக்கு விளம்பர மெயில் அனுப்புவது வேறு விஷயம், இதில் மிகவும் கவனம் வேண்டும். முன்கூட்டியே சம்மதம் வாங்காமல் அப்படி அனுப்புவதை இங்கே நியாயமற்ற போட்டிக்கு எதிரான சட்டத்தின் 7-ஆம் பிரிவு தொல்லையாகவே கருதுகிறது. பெறுபவர் நிறுவனமாக இருந்தாலும் அப்படித்தான். பதிலுக்குப் பதிலாக வக்கீல் எச்சரிக்கைக் கடிதமும் அதற்கான கட்டணமும் வந்து சேரலாம். தபாலில் கடிதம் போடலாம், அதற்கு இந்தத் தடை இல்லை. நல்ல தாளில், கையெழுத்துப் போட்டு வரும் கடிதத்தை இங்கே இன்னும் மதித்துப் படிக்கிறார்கள்.

பண விஷயத்தில் மட்டும் பொறுமை காட்ட வேண்டாம். பில் கைக்குக் கிடைத்து, பணம் தர வேண்டிய நாளும் கடந்து 30 நாள் ஆகிவிட்டால், நினைவூட்டாவிட்டாலும் அந்த நிறுவனம் தவணை தவறியதாகிவிடும். வியாபாரிகளுக்கிடையே ஜெர்மன் மத்திய வங்கி அறிவிக்கும் அடிப்படை வட்டி விகிதத்துக்கு மேல் 9 சதவீதப் புள்ளி வட்டியும் 40 யூரோவும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மானுங் எனப்படும் நினைவூட்டுக் கடிதத்தைத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றத்தின் பணம் கோரும் உத்தரவுக்கு வக்கீல் இல்லாமலே விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று, உங்கள் பக்கமும் மௌனம் ஆபத்து. வியாபாரிகள் இருவர் பேசி முடித்ததை ஒருவர் உடனே எழுத்தில் உறுதிசெய்து அனுப்பினால், மற்றவர் மறுக்காமல் இருப்பதைச் சம்மதமாகவே இங்கே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியொரு கடிதம் வந்து, அதில் நீங்கள் பேசாத விலையோ அளவோ இருந்தால், அன்றைக்கே மறுத்து எழுதுங்கள். அனுப்பியதற்கான சான்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.