ஏற்காட்டில் அழுதாயிற்று, சேலத்துக்கு இறங்கிய பிறகு?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நேரம், சபை வாலிபர் ரிட்ரீட்டுக்காக, அதாவது ஊரைவிட்டுத் தள்ளிப்போய் ஜெபத்தில் கழிக்கும் சில நாளுக்காக, அத்தனை வளைவிலும் பாடிக்கொண்டே ஏறினோம். சனிக்கிழமை ராத்திரி ஜெபத்தில் எனக்கு என்னவோ நடந்தது. யாரும் தலையில் கை வைக்கவில்லை, சத்தம் போடவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து பைபிளில் லூக்கா 15, கெட்ட குமாரன் வீடு திரும்பும் கதை, வாசித்துக்கொண்டிருந்தவன் தேம்பித் தேம்பி அழுதேன். இயேசு அங்கே இருந்தார் என்பதில் அன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை, இன்றைக்கும் இல்லை.

ஞாயிறு சாயங்காலம் இறங்கினோம். செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாள். அப்போதெல்லாம் குழாயில் தண்ணீர் நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான். மனைவி அசந்து தூங்கிவிட்டாள். டிரம் பாதிகூட நிரம்பவில்லை, அதற்குள் குழாய் நின்றுவிட்டது. நானும்தான் தூங்கினேன், அது வேறு விஷயம். நான் போட்ட சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டது. அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "மலையில இயேசுவைப் பார்த்தேன்னு சொன்னீங்களே, இறங்கும்போது அவரை அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன்பிறகு 30 வருஷமாக ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம் என்று எத்தனையோ பேர் மலை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டேன். அவர்கள் கண்ணீரில் பெரும்பாலானது உண்மைக் கண்ணீர்தான். இறங்கிய பிறகு நடக்கிற தப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன். அவற்றில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

பூ உதிர்ந்ததும் பயப்படுவது

ரிட்ரீட் முடிந்து பத்து நாளில் வாலிபர்கள் வந்து கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அண்ணா, அன்னைக்கு இருந்த அந்த சந்தோஷம் இப்ப இல்ல. அப்ப நடந்தது பொய்யா?"

இதற்கு நான் காபித் தோட்டத்தைக் காட்டுவேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து மலையின் வருஷக் கணக்கே காபியை வைத்துத்தான். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளைக்குள் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை மாதிரி வாசம், எஸ்டேட் பாதையில் நடந்தால் கிறங்கிவிடும். இரண்டு மூன்று நாள்தான், பூ வாடிப் பழுப்பாகிவிடும். பழம் பறிப்பது நவம்பருக்கு மேல். நடுவில் எட்டு மாதம் பச்சைக் காய்தான் இருக்கும், வாசம் இருக்காது. பூ உதிர்ந்தது என்று எந்த எஸ்டேட்காரரும் செடியைப் பிடுங்கிப்போட்டதில்லை. அதே மாதிரி, பூத்த வாரத்திலேயே கூடையை எடுத்துக்கொண்டு பழம் பறிக்கப் போனவரும் இல்லை. நம் சபைகளில் இரண்டும் நடக்கிறது.

மெதடிஸ்ட் சபைகளுக்கு வழிவகுத்த ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில் தன் உள்ளம் அனல்கொண்டதாக எழுதினார். மெதடிஸ்டுகள் இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். அதே வெஸ்லி 1739 ஜனவரியில், எட்டு மாதம்கூடக் கழியவில்லை, தான் இப்போது கிறிஸ்தவனே அல்ல என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எழுதிவிட்டு என்ன செய்தார்? வேலையைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு 50 வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்.

தீர்க்கதரிசி எலியாவையும் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ணால் கண்டவர், அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். உபவாசமும் தூக்கமில்லாத ராத்திரியும் மலைக் குளிரும் சேர்ந்த மூன்று நாளுக்குப் பிறகு உடம்பு ஓய்ந்துபோவது ஆவிக்குரிய வீழ்ச்சி அல்ல. சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள், போதும்.

அடுத்தவர் சாட்சியைக் கடன் வாங்குவது

சாது சுந்தர்சிங் 1904 டிசம்பர் 18 விடியற்காலையில் இயேசுவைத் தரிசனத்தில் கண்டார். பின்னாளில் பவுல் ஆன சவுலுக்குத் தமஸ்கு சாலையில் வானத்திலிருந்து ஒளி. இயேசு தன்னை எப்படிச் சந்தித்தார் என்று சபையில் சொல்வதைத்தான் சாட்சி என்கிறோம். இந்த இரண்டையும் மேடையில் கேட்டுக் கேட்டு, ஒளி வந்தால்தான் சந்திப்பு, தேதி தெரிந்தால்தான் இரட்சிப்பு என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம் சேலத்தில் பணி தொடங்கியது 1827இல். அந்த வழியில் வந்த குடும்பங்களில் ஐந்தாறு தலைமுறையாகக் குடும்ப ஜெபம் நடக்கிறது. அங்கே வளர்ந்த பிள்ளைக்குச் சொல்ல ஒரு 'அதற்கு முன்' இருப்பதில்லை. அதனால் கற்பனை செய்துகொள்கிறது. ஞாயிறு பள்ளியில் வருஷா வருஷம் ஹாஜர் பரிசு வாங்கிய பையன் ஒருவன், 'நான் கொடிய பாவத்தில் உழன்றுகொண்டிருந்தேன்' என்று மைக்கில் ஆரம்பித்தபோது, முன்வரிசையில் அவன் அம்மா நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பவுலின் ஒளியை மதிக்கும் அதே வேதத்தில், தன் சீடன் தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது என்று பவுலே எழுதுகிறார். இயேசு சுகமாக்கிய பெத்சாயிதா குருடனுக்கோ பார்வை இரண்டு தவணையில் வந்தது. முதலில் மனுஷர் மரங்கள் மாதிரி நடந்தார்கள், பிறகுதான் தெளிவு. நடந்ததை நடந்த அளவில் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சாட்சி ஒரு சாண் வளர்ந்தால், கடைசியில் சொல்கிறவருக்கே எது நடந்தது என்று தெரியாமல் போகும்.

அழுததோடு கணக்கை முடித்துவிடுவது

எல்லாவற்றிலும் பெரிய தப்பு இதுதான் என்பது என் எண்ணம். மேடைகளில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சேலத்துக் கொலுசுப் பட்டறைகளுக்கு முதலாளிகள் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், கொலுசாக எடை போட்டு வாங்குவார்கள். கம்பி இழுக்கும்போதும், பற்றவைக்கும்போதும், ராவும்போதும் கொஞ்சம் குறையும். அந்தச் சேதாரம் இவ்வளவு என்று முன்கூட்டியே பேச்சு. பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட வீசமாட்டார்கள், உருக்கினால் அதிலும் வெள்ளி தேறும். அப்படியொரு பட்டறை வைத்திருந்த அண்ணன் ஒருவர் எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வருவார். ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவைப் பற்றிய வசனத்தில் பிடிபட்டார். எல்லாரும் போனபிறகும் உட்கார்ந்திருந்தார். "தம்பி, நான் சேதாரம்னு எழுதினதுல பாதி சேதாரம் இல்ல" என்றார்.

முதலில் அவருக்குத் தோன்றியது, அந்தப் பணத்தைக் கோயிலுக்குக் காணிக்கையாகப் போட்டுவிடலாம் என்று. பலரும் செய்வது அதுதான். எடுத்தது ஒருவரிடம், கொடுப்பது உண்டியலில். கோயிலும் கேள்வி கேட்காமல் ரசீது கொடுத்துவிடும். ஆனால் சகேயு சொன்னதைக் கவனியுங்கள். தன் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அது தனி. அநியாயமாய் வாங்கினது வாங்கினவரிடமே, நாலு மடங்காக, அது தனி. இரண்டையும் அவர் ஒரே பையில் போடவில்லை. தானாக ஒத்துக்கொண்டு திருப்பித் தருகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தந்தால் போதும் என்றுதான் எண்ணாகமம் 5 சொல்கிறது. ஆட்டைத் திருடி அடித்தவன்தான் நாலு ஆடு தரவேண்டும், அது யாத்திராகமம் 22. சகேயு தன்னை எந்தப் பிரிவில் நிறுத்திக்கொண்டார் என்பது அந்த நாலு மடங்கிலேயே தெரிகிறது. இயேசு அவரிடம் ஒரு காசும் கேட்கவில்லை. உன் வீட்டில் தங்கவேண்டும் என்று மட்டும்தான் சொன்னார்.

அண்ணன் ஒரு சின்னத் துணிப்பையில் வெள்ளியை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். இங்கே சினிமா மாதிரி முதலாளி கட்டிப்பிடித்து அழுதார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுதானா, இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அதன்பிறகு மூன்று மாதம் வேலை தரவில்லை. அண்ணி பள்ளிக்கூட ஃபீஸைச் சொல்லிச் சண்டை போட்டார், நியாயமான சண்டை. நான்காம் மாதம் கொஞ்சமாக வேலை வந்தது. இரண்டு முறை எடை போட்டுத்தான் வாங்கினார்கள். அண்ணன் இதை எந்த மேடையிலும் சாட்சியாகச் சொன்னதில்லை. எனக்கும் பேர் சொல்ல அனுமதியில்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. மனசாட்சி கனம் குறையட்டும் என்று, பல வருஷத்துக்கு முந்தைய விஷயங்களை ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்பும் கொட்டுகிறவர்கள். அதில் சம்பந்தப்பட்ட இன்னொருவர் பெயர் மறுநாள் தெரு முழுக்க அடிபடும். தீங்கு செய்யப்பட்டவரிடம் தனியாகப் போங்கள். அது அவருக்கே மறுபடி காயமாகும் என்று பட்டால், முதலில் நிதானமான ஒரு ஆயரிடமோ குருவானவரிடமோ பேசுங்கள். கத்தோலிக்கச் சகோதரர்களுக்கு, குருவிடம் ரகசியமாகப் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. நம் பக்கத்தில் அப்படியொரு மூடிய கதவு இல்லாதது குறைதான் என்று எனக்குப் படும்.

'கர்த்தர் என்னிடம் சொன்னார்'

ஒரு உண்மையான அனுபவம் கிடைத்தவுடன், மனதில் எழும் எல்லாமே அவர் குரல் என்று எடுத்துக்கொள்வது. இந்தப் பெண்ணைத்தான் கட்டவேண்டும் என்று கர்த்தர் காட்டினார், அந்தப் பெண்ணுக்கு மட்டும் காட்டவில்லை. சுகர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். இதில் நான் கறாராகவே சொல்வேன்: மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். பவுல் தன்கூட இருந்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்கிறார். விசுவாசக் குறைவு என்று யாரும் பவுலைச் சொன்னதில்லை.

தமஸ்குவில் நடந்ததில் நாம் தாண்டிப்போகிற வரி ஒன்று இருக்கிறது. உயிர்த்த இயேசுவே நேரில் பேசினார். ஆனாலும் அடுத்து என்ன செய்வது என்பதை அங்கேயே சொல்லவில்லை. பட்டணத்துக்குள் போ, அங்கே உனக்குச் சொல்லப்படும் என்று அனுப்பினார். நேர்த்தெருவில் ஒரு வீட்டில் மூன்று நாள் பார்வையில்லாமல் சவுல் காத்திருக்க, அனனியா என்ற சாதாரண சீஷன் பயந்துகொண்டே வந்து கை வைத்தபிறகுதான் கண் தெரிந்தது. பவுலுக்கே ஒரு அனனியா தேவைப்பட்டார் என்றால் நமக்கு எத்தனை பேர் தேவை!

வேலையை விடுவதும் கூடாரம் போடுவதும்

ரிட்ரீட் முடிந்த திங்கட்கிழமையே ராஜினாமா எழுதி, 'முழுநேர ஊழியத்துக்கு அழைத்துவிட்டார்' என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் பேசினீர்களா? பவுல் தரிசனத்துக்குப் பிறகு எருசலேமுக்குப் போகவே மூன்று வருஷம் எடுத்துக்கொண்டார். கொரிந்துவில் ஆக்கில்லாவோடு உட்கார்ந்து கூடாரம் தைத்தார். பிசாசுகள் நீங்கிய கதரேனர் நாட்டு மனிதன் இயேசுவோடு படகில் வருகிறேன் என்று கெஞ்சினான். அவர் விடவில்லை. உன் வீட்டுக்குப் போ என்றார். கல்லறைகளுக்குள் கிடந்தவனுக்கு வீடுதான் மிஷன் களம்.

இன்னொரு வகையினர் வேலையை விடமாட்டார்கள், கூட்டத்தையும் விடமாட்டார்கள். இந்த மாதம் ஏற்காடு, அடுத்த மாதம் சேலம் மைதானத்தில் கன்வென்ஷன், அதற்கடுத்து வேறொரு ஊர். இயேசு ஒளிமயமாகத் தெரிந்த மறுரூப மலையில் சீஷன் பேதுரு மூன்று கூடாரம் போடலாமா என்று கேட்டார். தான் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினார் என்று லூக்கா மரியாதையாக முடித்துக்கொள்கிறார். உயிர்த்த இயேசுவோடு அவர் யாரென்று தெரியாமலே நடந்த எம்மாவு சீஷர்களுக்குக் கண் திறந்தது மலையில் இல்லை, வீட்டில், ராச் சாப்பாட்டில், அவர் அப்பத்தைப் பிட்டபோது.

அதனால், இறங்கி வந்தவர்களுக்கு நான் சொல்லும் யோசனை சின்னது. ஒரு சுவிசேஷத்தை எடுத்து, தினம் பத்து வசனம், அவசரமில்லாமல். யாருக்காவது திருப்பித் தரவேண்டியது இருந்தால் இந்த வாரமே முதல் தவணை. மேடை சாட்சி ஆறு மாதம் கழித்து. அதற்கு முன் உங்களோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களிடம் கேளுங்கள், வித்தியாசம் ஏதாவது தெரிகிறதா என்று.

நானும் போன மாதம் மனைவியிடம் கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே, "தண்ணி வர்ற அன்னைக்குக் கேளுங்க" என்றாள்.