பல் கட்டும் முன் பக்கத்துப் பற்களைப் பாருங்கள்

ஒரு பல்லைப் பிடுங்கியதும் நம்மில் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "பல் கட்ட எவ்வளவு முடியும்?" என்பதுதான். காசு முக்கியம்தான். ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: போன பல்லுக்கு இருபுறமும் நிற்கும் பற்கள் எப்படி இருக்கின்றன? கழற்றி மாட்டும் கட்டுப்பல்லா, பக்கத்துப் பற்களில் தாங்கி நிற்கும் பிரிட்ஜா, தாடை எலும்பில் திருகி வைக்கும் இம்பிளான்டா என்பதைப் பெரும்பாலும் அந்தப் பற்களும், முரசும் (ஈறும்), தாடை எலும்பும்தான் தீர்மானிக்கின்றன.

பிரிட்ஜை எடுத்துக்கொள்வோம். பக்கத்துப் பற்களைச் சுற்றிவரச் சீவி, உறை மாட்டி, நடுவில் பொய்ப்பல்லைத் தாங்க வைக்கிறார்கள். அந்தப் பற்கள் ஏற்கெனவே பெரிதாக அடைத்தவையாகவோ வேர்ச் சிகிச்சை செய்தவையாகவோ இருந்தால் இது நல்ல தெரிவு. அவற்றுக்கு எப்படியும் உறை தேவைப்படலாம். சொத்தையே இல்லாத இரண்டு பற்களை அவசரத்துக்காகச் சீவுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சீவிய எனாமல் மறுபடி வளராது. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு முன்பல்லுக்காக ஓடுபவர்கள் இந்த வலையில் எளிதில் விழுகிறார்கள். முன்பல்லுக்கு ஒட்டுப் பிரிட்ஜ் என்று ஒன்று உண்டு. பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் மெல்லிய தகடு ஒன்றை ஒட்டிப் பிடிக்க வைப்பார்கள். சீவல் மிகக் குறைவு. அது தனக்குப் பொருந்துமா என்று கேட்காமலே பலர் நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார்கள்.

இம்பிளான்டில் நடக்கும் தவறு வேறு மாதிரி. லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளை பணம் அனுப்புகிறது, அம்மாவுக்கு இருப்பதிலேயே விலை கூடியதைச் செய்துவிடுவோம் என்று குடும்பம் தீர்மானிக்கிறது. அந்த அன்பை மதிக்கிறேன். ஆனால் டைட்டானியம் திருகு எலும்போடு இறுகிச் சேர வேண்டும். அதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை எடுக்கும். அம்மாவின் சலரோகம் (நீரிழிவு) கட்டுப்பாட்டில் இல்லையென்றால் அது சேராமலே போகலாம். புகைப்பவர்களுக்கும் அதே ஆபத்து. ஒரு மாத விடுமுறையில் ஊருக்கு வருபவர் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு திரும்பலாம் என்று கணக்குப் போடுவதும் அநேகமாகப் பிழையாகிவிடும். கிரிக்கெட் பந்து பட்டுப் பல்லை இழந்த பதினாறு வயதுப் பையனுக்கோ தாடை வளர்ச்சி முடியும்வரை இம்பிளான்ட் வைக்கவே கூடாது. வளரும் தாடையோடு அது நகராது. பக்கத்துப் பற்கள் இறங்க, அது மட்டும் மேலே நின்றுவிடும்.

கட்டுப்பல்லை ஏளனமாகப் பார்க்கத் தேவையில்லை. பல பற்கள் ஒன்றாகப் போனவருக்கு அதுவே பொருத்தமாக இருக்கலாம். ஆனால் ஒரேயொரு பல் வைத்த சிறிய தட்டைப் போட்டபடி தூங்காதீர்கள். அது தொண்டைக்குள் போய்விட்டால், கம்பி இல்லாத அக்ரிலிக் பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் ஊற்றினால் நெளிந்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது, "ஒரே நாளில் நிரந்தரப் பல், கழற்றவே வேண்டாம்" என்ற பேச்சை நம்புவது. அக்ரிலிக் மாவை வாய்க்குள்ளேயே குழைத்துப் பக்கத்துப் பற்களோடு ஒட்டிவிடுவார்கள். அதன் அடியில் சோறு தங்கும், முரசு வீங்கி இரத்தம் கசியும், நாறும்; கடைசியில் நன்றாக இருந்த இரண்டு பற்களும் ஆடத் தொடங்கும். யாரிடம் போனாலும் அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற பல் வைத்தியரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒன்றும் செய்யாமல் விடுவது எப்போதும் தவறல்ல. ஞானப்பல் போனால் பொதுவாகப் பதில் பல் தேவையில்லை. நடுவில் உள்ள கடைவாய்ப் பல் போய் வெற்றிடம் அப்படியே கிடந்தால்தான் பக்கத்துப் பல் சாயலாம், எதிர்ப்பல் இறங்கலாம். பிறகு பல் வைக்க இடமே இல்லாமல் போகும்.

வெற்றிலை பாக்குப் போடுபவர்கள் அளவெடுக்கும் முன் வாய் முழுவதையும் காட்ட வேண்டும். பாக்கினால் கன்னத்தின் உட்புறம் இறுகி வாய் திறப்பது குறைந்திருந்தால் அளவெடுக்கும் தட்டு உள்ளே போகாது. வெள்ளையோ சிவப்போ படை தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். போகும்போது கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். எலும்பு மெலிதலுக்கு (ஒஸ்டியோபொரோசிஸ்) எடுக்கும் சில மருந்துகள் பல் பிடுங்குவதையும் இம்பிளான்ட் வைப்பதையும் ஆபத்தாக்கும் என்பதால், அந்த மாத்திரையின் பெயரை வைத்தியர் தானாகக் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.