சந்தேகம் கேட்கப் போனால் தப்பான விடையையும் கொண்டுபோங்கள்

பேராசிரியரிடம் சந்தேகம் கேட்கப் போகும்போது, நீங்கள் போட்டுப் பார்த்துப் பாதியில் நின்றுபோன கணக்கை அடித்தல் திருத்தலோடு அப்படியே எடுத்துப்போங்கள். "சார், இந்த யூனிட்டே புரியல" என்று நிற்பதைவிட, "மூணாவது ஸ்டெப் வரைக்கும் வந்துட்டேன் சார், இந்த மைனஸ் எங்கிருந்து வருதுன்னு தெரியல" என்று கேட்பது எவ்வளவோ மேல்.

ஸ்டாஃப் ரூமில் வைத்து ஒரு யூனிட் முழுக்க யாராலும் நடத்த முடியாது. "கிளாஸ்ல ஒழுங்கா கவனி" என்ற பதில்தான் வரும். ஒரு வரிச் சந்தேகம் என்றால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், நீங்கள் முயன்றதும் தாளிலேயே தெரியும். அறுபது பேர் வகுப்பில் உங்கள் முகம் நினைவில் நிற்பது இப்படித்தான். காலை வணக்கத்தால் அல்ல. அப்புறம் மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது, வருகைப் பதிவைத் தாண்டி எழுத அவரிடமும் ஏதாவது இருக்கும்.

மதிப்பெண் கூட்டலில் பிழை, வருகைப் பதிவில் குறை போன்றவற்றுக்கு இது உதவாது. அவற்றை நேரடியாகச் சொல்லிவிடுவதே நல்லது. தேர்வுக்கு முந்தைய மாலையிலும் வேண்டாம். அன்று வாசலில் ஏற்கனவே ஒரு வரிசை நிற்கும். விடை தெரிந்துகொண்டே சும்மா போய்க் கேட்டாலும் பலிக்காது. இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.