பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கும் முன்

வேட்டைக்குக் குறைந்த விலையில் பழைய இரட்டைக்குழல் தேடுபவர்கள் கட்டையின் பளபளப்பில் மயங்கிவிட வேண்டாம், பணம் போட வேண்டியது குழலுக்குத்தான். முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முன்கைக் கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய நிலையில் குழலை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். முன்கைக் கட்டை மாட்டியிருந்தால் அதன் ஸ்பிரிங் இறுக்கம் தளர்வை மறைத்துவிடும். லேசாக ஆடினாலும் கீல் தேய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யும் கூலி துப்பாக்கி விலையையே தாண்டிவிடலாம்.

அப்புறம் குழல்களைத் தனியாகத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் சரி, உடைந்த பானை போல மந்தமாகக் கேட்டால் இரு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டையின் பற்றவைப்பு விட்டிருக்கிறது. உள்ளே வெளிச்சத்தில் பார்க்கும்போது நிழல் வளையம் தெரிந்தால் அது குழல் சுவரின் வீக்கம், எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

பழைய 12 போர் (குழல் உள்விட்ட அளவு) துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மி.மீ. தான், இன்றைய 70 மி.மீ. தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அதனால் விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கண்டிப்பாக அளந்து பாருங்கள். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிப் பற்றவைத்துச் செய்த, வரிவரியாகத் தெரியும் டமாஸ்கஸ் குழலும், இரும்புக் குண்டுத் தோட்டாவும் சேரவே கூடாது. எளிமையான, உறுதியான அமெரிக்க இரட்டைக்குழலான ஸ்டீவன்ஸ் 311 போன்றவை என் முதல் தேர்வு.