திவாலி ரிடிம் கேக்குறப்போ தவிர்க்க வேண்டிய தப்புங்க

ஜமைக்கா பாடகர் ஷான் பாலோட 'கெட் பிஸி' முடிஞ்ச உடனே அதே ஊர் வேய்ன் வொண்டரோட 'நோ லெட்டிங் கோ' போட்டு பாருங்க, பக்கத்துல யாராவது ஒருத்தர் கண்டிப்பா "அதே பீட்ட அப்படியே சுட்டுட்டானுங்க"ன்னு சொல்லுவார். முதல்ல விட வேண்டிய தப்பு இதான். யாரும் யார்கிட்டேருந்தும் சுடல, ரெண்டு பேரும் தெரிஞ்சேதான் ஒரே ட்ராக் மேல பாடியிருக்காங்க, அந்த ட்ராக்கோட பேர் திவாலி ரிடிம் (குரலுக்கு கீழ ஓடுற மியூசிக்க அங்க ரிடிம்னு சொல்லுவாங்க), பண்ணவர் ஜமைக்காவோட ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன்.

நமக்கு சினிமா பாட்டு கேட்டு பழகின காது, ஒரு மியூசிக்னா ஒரு பாட்டுக்குத்தான்னு மனசுல பதிஞ்சிருச்சு, அதனாலதான் இந்த குழப்பம். டான்ஸ்ஹால்ங்கற ஜமைக்கா இசையில வேலையே வேற மாதிரி நடக்கும். ப்ரொட்யூசர் முதல்ல மியூசிக்க மட்டும் பண்ணி முடிச்சு அதுக்கு ஒரு பேர் வைப்பார், அப்புறம் பத்து இருபது பாடகருங்க வந்து ஆளாளுக்கு சொந்த வரி, சொந்த மெட்டு போட்டு பாடிட்டு போவாங்க, எல்லாமே தனித்தனி சிங்கிளா வெளிய வரும். இது புதுசும் இல்ல, ஜமைக்காவோட ஸ்டூடியோ ஒன் கம்பெனில 1967ல சவுண்ட் டைமென்ஷன் பேண்ட் வாசிச்ச 'ரியல் ராக்' ரிடிம் மேல எத்தனையோ வருஷம் கழிச்சும் ஆளுங்க புதுசு புதுசா பாடிட்டு இருந்தாங்க. திவாலி மேல பாடினவங்கள்ல எலிஃபன்ட் மேன் இருக்கார், பவுன்ட்டி கில்லர் இருக்கார், இப்படி ஒரே ரிடிம்ல வந்த பாட்டையெல்லாம் சேத்து கிரீன்ஸ்லீவ்ஸ் கம்பெனி அப்போ தனி ஆல்பமாவே போட்டுட்டு இருந்துச்சு, திவாலிக்கும் போட்டாங்க.

அடுத்த தப்பு, எது பெரிய ஹிட்டோ அதான் ஒரிஜினல்னு நெனைக்கிறது. 'கெட் பிஸி' 2003 மே மாசம் அமெரிக்காவோட பில்போர்ட் ஹாட் 100 பாட்டு பட்டியல்ல நம்பர் ஒன் ஆச்சு, அது உண்மை, ஆனா அதனால மத்த பாட்டெல்லாம் அதோட ரீமிக்ஸ் ஆயிடாது. அதே வருஷம் நியூயார்க் பொண்ணு லுமிடீ பாடின 'நெவர் லீவ் யூ'வும் இதே ரிடிம்தான், அது மூணாவது இடம் வரைக்கும் போச்சு. பீட்டுக்கான பாராட்ட ஷான் பாலுக்கு குடுக்கறதும் இதோட சேந்த தப்புதான், வாயிலேருந்து வர்றது அவரோடது, கீழ ஓடுறது லெங்கியோடது, லெங்கி பேர எழுதாம விடுறது எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கும்.

பேர் திவாலிங்கறதால உள்ள தபேலா இருக்கு, டோலக் இருக்குன்னு தேடாதீங்க. இந்த ரிடிமோட உயிரு கைதட்டல்தான். ஒரு தடவ பாடுற குரல மனசுலேருந்து தள்ளி வச்சுட்டு 'கெட் பிஸி'க்கு கைதட்டிட்டே வாங்க, தட்டு சீரா விழாது, ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடின்னு எகிறி எகிறி விழும், அது கைக்கு பழகின அப்புறம் நிறுத்தாம 'நோ லெட்டிங் கோ'வுக்கு மாத்துங்க, கை அதே தட்ட தட்டிட்டே இருக்கும், மேல மட்டும் ஒருத்தர் மூச்சு விடாம அடிச்சு விட்டுட்டு இருந்தது போயி இன்னொருத்தர் உருகி உருகி காதல் பாட்டு பாடிட்டு இருப்பார். இவ்ளோ தூரம் வேற வேற ஆளுங்களுக்கு எடம் குடுக்குற மாதிரி ஒரு மியூசிக் பண்றது லேசுப்பட்ட வேலையே இல்லங்க.

அதுக்காக கைதட்டல் கேட்டா எல்லாம் திவாலின்னும் சொல்லிடாதீங்க. ரிஹானாவோட 'பான் டி ரீப்ளே' 2005ல வந்தது, அதுலயும் தட்டு இருக்கும், ஆனா அது வேற ட்ராக்.

பார்ட்டில போடுறவங்களுக்கும் ஒண்ணு. ஒரே ரிடிம் பாட்ட ஒவ்வொண்ணா முழுசா ஓட விட்டா மூணாவது பாட்டுலயே கூட்டம் சோர்ந்துடும். ஜமைக்கால பாட்டு தேர்ந்தெடுத்து போடுற செலக்டருங்க ஒரு கோரஸ், ஒரு வெர்ஸ் ஓடினதுமே அடுத்த குரலுக்கு தாவிடுவாங்க, இதுக்கு ஜக்ளிங்னு பேர். வேகம் ஒண்ணாவே இருக்கறதால ஒரு பாட்டோட கைதட்டு மேல அடுத்த பாட்டோட கைதட்டு உக்காந்தா போதும், ஆனா ரெண்டு குரலும் ஒரே நேரத்துல மோத விட்டுடாதீங்க, பழைய பாட்டோட வரி முடியற எடத்துல புதுச எடுங்க.