ஜெர்மனியில் ஓ பேர்: கையெழுத்திடும்போதும் விலகும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மன் மொழியின் தொடக்கநிலைத் தேர்வான ஏ1 எழுதிய கையோடு "ஒரு வருஷம் ஓ பேரா போயிட்டு வரலாமாக்கா?" என்று கேட்கும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஓ பேர் என்றால், வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றில் தங்கி, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே அந்த நாட்டு மொழியையும் பண்பாட்டையும் கற்பவர்; உணவும் அறையும் கைச்செலவுப் பணமும் அந்தக் குடும்பம் தரும். நானும் அப்படிப் போனவள்தான். கிளம்புவதற்கு முன் அந்தக் குடும்பத்தோடு மூன்று முறை வீடியோவில் பேசினேன். மூன்று முறையும் வீட்டம்மா, "நீயும் எங்கள் வீட்டில் ஒருத்தி" என்றார். அதில் மனம் நிறைந்துபோய், ஒப்பந்தப் படிவத்தில் வேலை நேரத்துக்கான இடம் காலியாக இருந்ததைக் கண்டும் கேட்காமல் விட்டேன். கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தேன். நான் செய்த முதல் தவறு அதுதான். பிறகு வந்த சிக்கல்கள் பலவும் அந்தக் காலி இடத்திலிருந்துதான் கிளம்பின.

நம் ஊரில் ஒருவர் வீட்டில் தங்கிச் சாப்பிடும்போது கணக்குப் பேச நாக்கு கூசும். ஜெர்மானியக் குடும்பத்துக்கு அந்தக் கூச்சம் புரியாது. நீங்கள் கேட்கவில்லை என்றால் உங்களுக்கு எல்லாம் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மணிக்கணக்கைக் கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அப்படிக் கோபித்துக்கொள்ளும் வீடாக இருந்தால் அதை இங்கிருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஓ பேர் என்பது பிரெஞ்சுச் சொல். சரிசமமாக என்று பொருள். 1969-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உருவான ஐரோப்பிய ஓ பேர் உடன்படிக்கைகூட, உரிமைகளும் கடமைகளும் எழுத்தில் இருக்க வேண்டும், கூடுமானால் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறது.

வேலை நேரம் நாளுக்கு 6 மணி, வாரத்துக்கு 30 மணி. அதற்கு மேல் கூடாது. இந்த எண்களை மட்டும் தாளில் எழுதிவிட்டுத் திருப்தியடைவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. என்ன கிழமை, எத்தனை மணிக்கு என்று ஒரு வார அட்டவணை போட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். காலை 6.30 முதல் 8 வரை, பிறகு மாலை 3 முதல் 6.30 வரை என்றால் நாளுக்கு 5 மணி நேரம் ஆகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை 25 மணி நேரம் போனால் மிச்சம் 5. சனிக்கிழமை இரவு பெற்றோர் வெளியே போய், நீங்கள் தூங்கும் குழந்தைக்குத் துணையாக வீட்டில் இருந்தால் அதுவும் அந்த ஐந்தில்தான் கழியும். "குழந்தைதான் தூங்குதே, இதெல்லாம் வேலையா?" என்று நாமே நினைத்துவிடுகிறோம். எங்கும் போக முடியாமல் இருக்கும் நேரம் வேலை நேரம்தான். பள்ளி விடுமுறை வாரங்களில் பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் இருப்பார்கள். அப்போதும் 6 மணி நேர வரம்பு மாறாது. மீதி நேரம் யார் பார்த்துக்கொள்வது என்று முன்பே பேசி வையுங்கள்.

வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, நான்கு மாலைகள் உங்களுடையவை, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுதாக உங்களுக்கு. ஓராண்டு இருந்தால் நான்கு வாரம் விடுப்பு உண்டு, விடுப்பிலும் பணம் நிற்காது. அந்தப் பணத்துக்குச் சம்பளம் என்று பெயரில்லை. மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம். அதற்கு மேல் மொழி வகுப்புக்காக மாதம் 70 யூரோவைக் குடும்பம் தர வேண்டும். உணவும் தனி அறையும் அவர்கள் பொறுப்பு. மருத்துவம், விபத்து, பிறருக்கு நேரும் சேதம் ஆகியவற்றுக்கான இன்சூரன்ஸும் அவர்கள் கட்டுவதுதான். போகிற விமானச் செலவு பொதுவாக நம் தலையில். குடும்பமே பாதியில் நிறுத்தினால் திரும்பும் டிக்கெட் யாருடையது என்பதை ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வரி இல்லாமல் கண்ணீரோடு வீட்டுக்குப் போன் செய்து பணம் கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

வேலை என்னவென்பதையும் மேலோட்டமாக எழுத விடாதீர்கள். "வீட்டு வேலைகளில் உதவி" என்று மட்டும் இருந்தால் அதற்குள் எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவது, அவர்கள் துணியைத் துவைத்து மடிப்பது, காலை உணவு, எளிய சமையல், லேசான ஒழுங்குபடுத்தல் எல்லாம் ஓ பேர் வேலை. வீட்டிலிருக்கும் முதியவரையோ நோயாளியையோ பராமரிப்பது அதில் சேராது. காரில் அழைத்துப் போகச் சொன்னால் இரண்டு விஷயம் கேளுங்கள்: உங்கள் இந்திய உரிமம் அங்கே எத்தனை நாள் செல்லும் (வழக்கமாக 6 மாதம்), இடித்துவிட்டால் செலவு யாருடையது. சைவ உணவுக்காரர் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். முதல் வாரம் முழுக்க ரொட்டியும் சீஸுமாகச் சாப்பிட்டுவிட்டு அறையில் அழுவதைவிட, அரிசியும் பருப்பும் வாங்கித் தருவீர்களா என்று முன்கூட்டியே கேட்பது எவ்வளவோ மேல்.

நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டியது. "ஜெர்மனியில் சித்தப்பா இருக்கார், அவர் வீட்டுக்கே ஓ பேரா போயிடலாம்" என்பது. நடக்காது. உறவினர் வீட்டுக்கு ஓ பேராகப் போக முடியாது. உறவே இல்லாத தமிழ்க் குடும்பம் என்றாலும் சிக்கல் உண்டு. அந்த வீட்டில் ஜெர்மன் தாய்மொழியாக இருக்க வேண்டும், அல்லது குடும்பத்தில் புழங்கும் மொழியாகவாவது இருக்க வேண்டும். பின்னதானால் அந்தப் பெற்றோரும் நீங்களும் ஒரே நாட்டிலிருந்து வந்தவர்களாக இருக்கக் கூடாது. இலங்கையிலிருந்து குடியேறிய குடும்பம் இலங்கைப் பெண்ணை அழைத்தால் விசா மறுக்கப்படும். மொழியும் பண்பாடும் கற்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்பதே காரணம். விண்ணப்பிக்கும்போது வயது 18 நிரம்பி 27-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 26 முடியப்போகிறது என்றால் தள்ளிப்போட நேரமில்லை.

பணம் கேட்கும் குடும்பத்தை நம்பாதீர்கள். விசா செலவுக்கு முன்பணம் அனுப்பு என்று எந்த உண்மையான குடும்பமும் கேட்காது. ஜெர்மனியில் இயங்கும் ஏஜென்சி ஓ பேரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கே 150 யூரோ என்று சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது. அங்கே ஏஜென்சி நடத்த 2002 முதல் உரிமம் தேவையில்லை என்பதால், ஆர்ஏஎல் (RAL) என்ற ஜெர்மன் தரமுத்திரை உள்ளதா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

இனி விலகுவது. எனக்கு இதுதான் கடினமாக இருந்தது. ஐந்து மாதம் தோளில் தூங்கிய பிள்ளையை விட்டுப் போவது துரோகம் போல இருந்தது. வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டியும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருநாள் வெடித்துப் பேசி, அன்றே பெட்டியைக் கட்டினேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. வழக்கமான ஓ பேர் ஒப்பந்தங்களில் 14 நாள் முன்னறிவிப்பு இருக்கும். அந்த 14 நாளும் அறை, உணவு, கைச்செலவுப் பணம் எல்லாம் உண்டு. நீங்களும் வேலை செய்ய வேண்டும். அந்த இரண்டு வாரம்தான் அடுத்த இடம் தேட உங்களுக்கிருக்கும் அவகாசம். நான் அதை ஒரே இரவில் தூக்கி எறிந்தேன்.

இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டால் எந்தத் தேதியிலும் முடித்துக்கொள்ளலாம். அடி, பாலியல் தொல்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, பணமே தராதது போன்ற கடுமையான காரணம் இருந்தால் 14 நாள் காத்திருக்கத் தேவையில்லை, உடனே வெளியேறலாம். அப்படிப்பட்ட நிலையில் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். போலீஸ் எண் 110. வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான உதவி எண் 116 016. இரவு பகல் எந்நேரமும் இலவசம், பல மொழிகளில் பேசலாம்.

மற்றபடி, வாட்ஸ்அப் குரல் செய்தியில் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டு நகர்வது போதாது. தேதி போட்டு, கடைசி நாள் எதுவென்று எழுதி, கையெழுத்திட்ட கடிதம் கொடுங்கள். ஒரு நகலில் அவர்கள் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். குடும்பம் நீட்டும் தாளில் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று அதில் ஒரு வரி இருக்கக்கூடும். செய்த வேலை நேரத்தை முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வந்திருந்தால், மீதிப் பணத்தையும் எடுக்காத விடுப்பையும் பேசும்போது அந்த நோட்டு உதவும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, குடும்பத்தை விட்டதும் பாஸ்போர்ட்டில் விசா இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுவது. உங்கள் அனுமதி ஓ பேராக இருப்பதற்காகக் கொடுத்தது. ஒப்பந்தம் முடிந்தால் அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள். வேறு குடும்பத்துக்கு மாறலாம், ஆனால் புதிய ஒப்பந்தத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அங்கே வேலையைத் தொடங்க வேண்டும். முதல் வீட்டில் கழிந்த மாதங்களும் கணக்கில் வரும். மொத்தம் 12 மாதம்தான், இரண்டாம் முறை ஜெர்மனிக்கு ஓ பேராகப் போக முடியாது. எட்டாவது மாதத்தில் விலகினால் புதுக் குடும்பத்துக்கு உங்களிடம் மிச்சமிருப்பது நான்கே மாதம் என்பதை முதல் பேச்சிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மாறிய முகவரியை இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். அதற்குப் புது வீட்டாரின் குடியிருப்புச் சான்று வேண்டும். பழைய குடும்பம் உங்கள் இன்சூரன்ஸை எந்தத் தேதியோடு நிறுத்துகிறது என்று கேட்டு, புதியது அதற்கு அடுத்த நாளே தொடங்கும்படி பாருங்கள். இடையில் ஒரு நாள்கூட இன்சூரன்ஸ் இல்லாமல் இருக்கக் கூடாது.